மூட்டைக்காரர் ஏன் சிரித்தார்?

அத்தியாயம் 5

முன்னால் பொன்னிறமாக மினுக்கிய அந்த டி.வி. போட்டி மேடை, பின்னால் வெறும் பலகையும் ஆணியும் கயிறுமாக நின்றது. கண்டக்டரம்மாவையும் டிரைவரையும் அந்தப் பின்பக்கமாகத்தான் உள்ளே கூட்டிப்போனார்கள். முன்வாசல் விருந்தினர்களுக்காம்.

"நல்லதாப் போச்சு," என்றார் டிரைவர். "வண்டி எப்படின்னு பெயின்ட்டைப் பார்த்தா தெரியாது. குனிஞ்சு அடியில பார்க்கணும்."

இருவரும் பதினெட்டு வருஷம் ஒரே பேருந்தில் உழைத்தவர்கள். ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கும் அவர் ஸ்டியரிங் பிடிக்க, அந்தம்மா டிக்கெட் கிழித்தார். தடத்தை மூடி இருவரையும் வீட்டுக்கு அனுப்பிய பிறகு, கண்டக்டரம்மா ஒரு சின்ன அறை பிடித்துத் துப்பறியும் தொழிலுக்குப் பலகை மாட்டினார். எழுபது பேர் நெரிசலில் டிக்கெட் எடுக்காத ஒருவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவருக்கு, மற்றதெல்லாம் சுலபமாக வந்துவிட்டது. கையிலிருந்த விசில் போயிற்று, பழக்கம் போகவில்லை. எதிரில் ஆள் இருக்கும்போது அவர் விரலால் ஒரு தட்டு தட்டினால் டிரைவர் வாயை மூட வேண்டும். இரண்டு தட்டினால் திறக்கலாம், பிரேக் போட வேண்டியதில்லை.

மேடைக்கு எதிரே நூற்றைம்பது பேர் கைதட்டுவதற்கென்று கூலிக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நின்ற ஓர் ஆள் கையை உயர்த்தினால் தட்டினார்கள், இறக்கினால் நிறுத்தினார்கள். காலை பதினொரு மணிதான் ஆகியிருந்தது. போட்டி நான்கு மணிக்கு. கேட்காத கேள்விக்கு, சொல்லாத பதிலுக்கு, வாயைப் பிளந்து வியப்பதை இப்போதே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பாட்டுக்கு முன்னாடியே ஏப்பம் விடறாங்க அக்கா," என்றார் டிரைவர்.

கண்டக்டரம்மா அங்கே கொஞ்சம் கூடுதலாக நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

தயாரிப்பாளரின் அறையில் நான்கு சுவர்களிலும் தயாரிப்பாளரே கேடயம் வாங்கிக்கொண்டிருந்தார். ஐந்தாவதாக நாற்காலியிலும் இருந்தார். மூன்று வாக்கியத்துக்கு ஒரு தடவை நம்பகத்தன்மை என்றார். பரிசாக வீடு கொடுக்கும் கட்டுமானக் கம்பெனி, வெளியாள் ஒருவர் விசாரித்துக் கையெழுத்துப் போடாமல் எந்தப் போட்டியாளரையும் நீக்கக்கூடாதென்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அந்த வெளியாள்தான் கண்டக்டரம்மா. விசாரித்து முடித்த அறிக்கை ஏற்கெனவே தட்டச்சாகி மேசைமேல் இருந்தது. பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்கள்.

விஷயத்தைத் தயாரிப்பாளர் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். பதினைந்து கேள்விகள் கொண்ட பொது அறிவுப் போட்டி. பதினான்கு சரியாகச் சொன்னால் ஒரு சுமை ஆட்டோ. பதினைந்தும் சொன்னால் ஒரு வீடு. பதினைந்தாவதைத் தப்பாகச் சொன்னால் இரண்டும் கிடையாது. ஆறு மாதமாக நடக்கிறது, பன்னிரண்டைத் தாண்டினவர் இல்லை. போன செவ்வாய்க்கிழமை சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்கும் ஓர் ஆள் வந்து உட்கார்ந்து பதினான்கையும் சொல்லிவிட்டார். கடைசிக் கேள்வி இன்று நான்கு மணிக்கு.

"மூட்டை தூக்கறவர்," என்று அழுத்திச் சொன்னார் தயாரிப்பாளர். அதற்குமேல் ஆதாரம் எதற்கு என்பதுபோல் சற்று நிறுத்தினார்.

ஆதாரமும் வைத்திருந்தார். முடித்த படத்தை நேற்றுப் போட்டுப் பார்த்தார்களாம். ஒன்பது, பதினொன்று, பதினான்கு, இந்த மூன்று கேள்விகளிலும் பதில் சொல்வதற்கு முன்னால் மூட்டைக்காரர் இடதுபக்கம் மேலே பார்க்கிறார், இலேசாகச் சிரிக்கிறார், உடனே சரியான பதிலைச் சொல்கிறார். இடதுபக்கம் மேல்வரிசையில் உட்கார்ந்திருந்தது அவருடைய மனைவியின் தம்பி. மச்சான் மூக்கைச் சொறிந்தால் முதல் விடை, காதைத் தொட்டால் இரண்டாவது. இப்படி ஒரு பட்டியலே போட்டு வைத்திருந்தார் தயாரிப்பாளர்.

"மூக்கைச் சொறியறவனெல்லாம் திருடன்னா, எங்க பஸ்ஸை நேரா ஸ்டேஷனுக்குத்தான் ஓட்டியிருக்கணும்," என்றார் டிரைவர். மேசைமேல் ஒரு தட்டு விழுந்தது. நிறுத்திக்கொண்டார்.

அப்போது தொகுப்பாளர் உள்ளே வந்தார். கேள்வி கேட்டுக் கேட்டே அறிஞராகிவிட்டவர். விடை அட்டையைக் கையில் வைத்திருப்பவனுக்கு எல்லாம் தனக்கே தெரிந்த மாதிரி ஒரு நினைப்பு வர அதிக நாள் ஆகாது, இவருக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது. அந்தப் பார்வையை முதலில் கவனித்தது தான்தான் என்றார். சிமெண்ட் தூக்குகிறவருக்கு ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். ஆறு மாதத்துக்கு முன்னால் அவருக்கே தெரியாது என்பதை மறந்திருந்தார்.

"அந்த ஆள் இப்ப எங்க?" என்றார் கண்டக்டரம்மா.

ஒப்பனை அறையில் காலை எட்டு மணியிலிருந்து உட்காரவைத்திருந்தார்கள். எதிரே ஒரு கடிதம். நான் ஏமாற்றினேன், நானே விலகிக்கொள்கிறேன் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் ஆட்டோவும் கிடையாது, போலீஸும் கிடையாது. போடாவிட்டால் நான்கு மணிக்குப் போலீஸ். சிமெண்ட் கிடங்குக்கு நேற்றே தகவல் சொல்லிவிட்டார்கள். திருடனென்றால் இந்தப் பக்கமே வராதே என்று கிடங்கு முதலாளி சொல்லியனுப்பிவிட்டார்.

"டிக்கெட் எடுக்காதவனை நான் பதினெட்டு வருஷம் பார்த்திருக்கேன் சார்," என்றார் கண்டக்டரம்மா எழுந்துகொண்டே. "அவன் மேலயும் பார்க்கமாட்டான், ஜன்னலையும் பார்க்கமாட்டான். என் கண்ணையே பார்ப்பான். சரி, முதல்ல படத்தைப் போடுங்க."

படம் வெட்டி ஒட்டும் அறை இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. போர்வையைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அவர்தான் எடிட்டர். தயாரிப்பாளர் சொன்னதைப் போட்டார், சொல்லாததைப் பேசவில்லை. சுவரெல்லாம் ஒட்டிய தாள்கள், அட்டவணைகள், உத்தரவுகள்.

திரையில் மூட்டைக்காரர் வந்தார். நாற்பத்தாறு வயது, இடப்பக்கத் தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. எந்தக் கோள் சூரியனைச் சுற்றும் நேரத்தைவிடத் தன்னைத்தானே சுற்ற அதிக நேரம் எடுக்கிறது என்று தொகுப்பாளர் கேட்டார். மூட்டைக்காரர் கன்னத்தைக் கையால் தாங்கினார், இடதுபக்கம் மேலே பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. உதடு விரிந்தது. "வெள்ளி" என்றார். கைதட்டல்.

தயாரிப்பாளர் வெற்றியோடு திரும்பினார். பார்க்கிறவர் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். டிரைவருக்கே வந்தது, முகத்தில் தெரிந்தது.

கண்டக்டரம்மா அந்த இடத்தை நான்கு தடவை போடச் சொன்னார். நான்காவது தடவை எடிட்டர் திரையைப் பார்க்காமல் கண்டக்டரம்மாவைப் பார்த்தார். வாயைத் திறக்கப்போனார், தயாரிப்பாளரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

ஒப்பனை அறையில் சுவர் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றி விளக்குகள். வாசலில் ஒரு காவலாளி. உள்ளே மூட்டைக்காரர் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாய்வு நாற்காலி பக்கத்திலேயே காலியாக இருந்தது. மச்சான்தான் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். வாகனம் பழுதுபார்க்கிறவர், சட்டைப்பையில் இன்னும் ஒரு ஸ்பேனர்.

வந்தவர்கள் யாரென்று தெரிந்ததும் மச்சான் பொரிய ஆரம்பித்தார். மூக்கு அரித்தது, சொறிந்தேன், இதற்கும் இவர்களிடம் அனுமதி வாங்கணுமா என்று கேட்டார். இந்தக் குளிரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் பிணத்துக்கும் மூக்கு அரிக்கும் என்றார். மாமாவுக்கு அவர் விடை சொல்லிக் கொடுத்தாராம், பத்தாவதில் மூன்று முறை தவறின அவர்.

"மாப்ளே, உக்காரு," என்றார் மூட்டைக்காரர். அவர் உட்கார்ந்தார்.

மூட்டைக்காரர் சுருக்கமாகத்தான் பேசினார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் விளக்கு முகத்தில் அறைகிறது, எதிரில் இருக்கும் ஆளே கறுப்பாகத்தான் தெரிகிறார், மச்சானை எங்கே பார்ப்பது. எந்தப் படத்தையும் தனக்கு யாரும் போட்டுக் காட்டவில்லை. பார்த்தாய் என்றார்கள், இல்லை என்றேன், கையெழுத்துப் போடு என்றார்கள்.

கண்டக்டரம்மா அவர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது கிலோ மூட்டையை நாளைக்கு இருநூறு தடவை ஏற்றி இறக்கும் கை. சிமெண்ட் ஈரத்தைத் தின்னும், தோலில் இருக்கிற ஈரத்தையும் தின்றுவிட்டு வெடிப்பை விட்டுவிட்டுப் போகும். இரண்டு கட்டைவிரல்களிலும் வெள்ளையாகப் பிளந்திருந்தது. நகங்கள் கறுத்து, ஒன்று பாதி.

"இந்தக் கையோடவா படம் எடுத்தாங்க?"

"இல்லைங்க. டி.வி.யில அசிங்கமாத் தெரியுமாம். என்னமோ பூசினாங்க, முழங்கை வரைக்கும். வெடிப்புல இறங்கி எரிஞ்சுச்சு. பதினாலு கேள்வியும் முடிச்சு எழுந்ததும் முதல் வேலையா குழாயில தேச்சுக் கழுவிட்டேன்."

"கழுவிட்டு வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

"எங்க விட்டாங்க. திரும்பக் கூப்பிட்டு உக்காரவச்சு, அப்படிப் பாரு இப்படிப் பாருன்னு போட்டோ மாதிரி எடுத்தாங்க. எதுக்குன்னு சொல்லலை."

கண்டக்டரம்மா தலையசைத்தார். எழுந்திருக்கும்போது டிரைவர் அடக்க முடியாமல் கேட்டுவிட்டார், இவ்வளவும் எங்கே படித்தீர்கள் என்று.

மூட்டைக்காரர் முதல் தடவையாக அவரை நேரே பார்த்தார்.

"போன மாசம் ஒரு பல் டாக்டர் வந்து பதினொண்ணு சொன்னார். அவர்கிட்ட கேட்டீங்களா?"

கடிதம் மேசைமேல் அப்படியே கிடந்தது, பக்கத்தில் மூடியில்லாத பேனா. இந்தக் கட்டடத்தில் பேனா மூடிக்குப் பஞ்சம் போல.

மேடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, விளக்குகளைப் போடச் சொல்லி, போட்டியாளர் நாற்காலியில் கண்டக்டரம்மாவே ஏறி உட்கார்ந்தார். மச்சான் இருந்த மேல்வரிசைக்கு டிரைவரை அனுப்பினார். என்ன வேண்டுமானாலும் செய், நான் பார்த்துச் சொல்கிறேன் என்றார். ஒரு நிமிடம் கழித்து டிரைவர் இறங்கி வந்தபோது மூச்சு வாங்கியது.

"என்ன செஞ்சேன் சொல்லுங்க அக்கா."

"நீ அங்க இருந்தியான்னே தெரியலை."

"அநியாயம். சட்டையைக் கழட்டிச் சுத்தினேன். கடைசியில அந்தக் கைப்பிடிச் சுவத்துல ஒத்தைக் கால்ல நின்னேன். விழுந்து செத்திருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

இடதுபக்கம் மேலே கண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பொருள்தான். ஓரத்தில் எரியாமல் தொங்கிய ஓர் உருண்டை விளக்கு, அதன் கூண்டில் ஒட்டிய சிவப்பு நாடா. கண்டக்டரம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தானாகவே சிரித்துக்கொண்டார். இடத்தை விட்டு எழுந்தபோது மணி இரண்டேகால்.

அந்த நாற்காலியிலிருந்து மேல்வரிசை தெரியாது என்றதைத் தயாரிப்பாளர் ஏற்கவில்லை. பழகினால் அந்த வெளிச்சத்திலும் தெரியும் என்றார். தெரியாவிட்டால் எதைப் பார்த்து அந்த ஆள் சிரிக்கிறார் என்று கேட்டார். நல்ல கேள்விதான். அந்த நிகழ்ச்சியில் ஆறு மாதத்தில் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வியும் அதுவாக இருக்கலாம்.

"வாங்க, தொகுப்பாளரையும் கூப்பிடுங்க, காட்டறேன்," என்றார் கண்டக்டரம்மா. தொகுப்பாளரும் வந்தார். அறிக்கை தாமதமாவதைப் பற்றி வழியெல்லாம் சலித்துக்கொண்டார்.

எடிட்டர் அறையில் மறுபடி இருட்டு.

"ஒன்பதாவது கேள்வி போடும்மா. கேள்வியைக் கேட்டு முடிக்கிற இடம். நிறுத்து. சார், முகத்தை விட்டுடுங்க. கையைப் பாருங்க."

மேசைமேல் வைத்திருந்த கை, துணிக்கடைப் பொம்மையின் கை மாதிரி வழவழப்பாக ஒரே நிறத்தில் இருந்தது.

"இப்ப சிரிக்கிற இடம்."

கன்னத்தைத் தாங்கிய கட்டைவிரலில் வெள்ளைப் பிளவு. கறுத்த நகம். ஒன்று பாதி.

"இப்ப பதில் சொல்ற இடம்."

மறுபடி பொம்மைக் கை.

கண்டக்டரம்மா பதினொன்றாவது கேள்வியைப் போடச் சொன்னார், பிறகு பதினான்காவதை. அதே கதைதான். அதே பிளவு, அதே நகம், அதே சிரிப்பு.

"முன்னாடி பூசின கை, பின்னாடி பூசின கை. நடுவுல மட்டும் சொந்தக் கை," என்றார் கண்டக்டரம்மா. "நாலு செகண்டுல எழுந்து போய்க் கழுவிட்டு, சிரிச்சுட்டு, திரும்பப் பூசிக்கிட்டு வந்து பதில் சொன்னாரா? அதுவும் மூணு தடவை?"

மேசைமேல் இரண்டு தட்டு விழுந்தது.

"நாற்காலிக்கு அடியிலயே குழாய் வச்சிருக்கீங்களா சார்?" என்றார் டிரைவர். "நான் ஏறி இறங்கினேன், கவனிக்கலை."

தயாரிப்பாளர் எடிட்டரைப் பார்த்தார். எடிட்டர் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"நடுவுல வர்றது யோசிக்கிற ஷாட் சார். எல்லாம் முடிஞ்சப்புறம் தனியா எடுத்தது. ஒரே ஷாட்டையே மூணு இடத்துல போட்டேன்."

"எதுக்கு?"

"அவர் யோசிக்கவே இல்லை சார். நாலு விடையையும் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்லிடறார். நாற்பத்தெட்டு நிமிஷம் வரவேண்டிய நிகழ்ச்சி முப்பத்தொண்ணுல முடிஞ்சுபோச்சு. அந்தச் சிவப்பு நாடா விளக்கைப் பாருங்க, ஞாபகம் வந்த மாதிரி சிரிங்கன்னு சொல்லி எடுத்தோம்."

இப்படியெல்லாம் செய்ய யார் சொன்னது என்று தயாரிப்பாளர் குரலை உயர்த்தினார். எடிட்டர் சுவரைக் காட்டினார். அங்கே ஆறு மாதப் பழுப்போடு ஒரு தாள் ஒட்டியிருந்தது. போட்டியாளர் சிரமப்பட்டு யோசிப்பது பார்ப்பவர்களுக்குத் தெரிய வேண்டும், தேவையான இடத்தில் யோசிக்கும் ஷாட் சேர்க்கவும். கீழே தயாரிப்பாளரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் போட்ட நாளில், அதில் ஒருநாள் தானே ஏமாறுவோம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. மாவைப் பிசைந்து பொம்மை செய்துவிட்டு, அது தன்னைப் பார்த்து முறைக்கிறது என்று போலீஸைக் கூப்பிட்டிருக்கிறார்.

"இதை நேத்தே சொல்றதுக்கென்ன?"

"மூணு தடவை வாயைத் திறந்தேன் சார். வெட்டற வேலையை மட்டும் பாருன்னீங்க."

அந்தப் பல் டாக்டரைப் போட்டுக் காட்டச் சொன்னார் கண்டக்டரம்மா. திரையில் பல் டாக்டர் கன்னத்தைத் தாங்கி இடதுபக்கம் மேலே பார்த்தார், நான்கு எண்ணும் நேரம், சிரித்தார், பதில் சொன்னார். அடுத்து ஒரு வங்கி மேலாளர். இடதுபக்கம், மேலே, சிரிப்பு. ஒரு வக்கீல். ஒரு கல்லூரி முதல்வர். ஆறு மாதமாகப் படித்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து அந்த எரியாத விளக்கைப் பார்த்துச் சிரித்திருந்தார்கள். அவர்கள் எல்லாரும் யோசிப்பதாகத்தான் தெரிந்தது. மூட்டை தூக்குகிறவர் பார்த்தபோதுதான் அது திருட்டுப் பார்வையாகிவிட்டது.

"இவங்க மச்சானெல்லாம் எந்த வரிசையில இருந்தாங்க சார்?" என்றார் டிரைவர். இரண்டு தட்டு ஏற்கெனவே விழுந்துவிட்டதால் அவரை யாரும் நிறுத்தவில்லை.

தொகுப்பாளர் இதற்குள் கதவுப் பக்கம் நகர்ந்திருந்தார். கண்டக்டரம்மா அவரை இருக்கச் சொன்னார். வெட்டாத மூலப்படத்தை, பத்தாவது கேள்வி முடிந்த இடத்திலிருந்து போடச் சொன்னார்.

மூலப்படத்தில் மூட்டைக்காரர் எடிட்டர் சொன்ன மாதிரியே இருந்தார். முழுக் கேள்வியையும் வாங்கிக்கொண்டு, அடுத்த மூட்டை எங்கே என்பதுபோல் பதிலை இறக்கி வைத்தார். நேரம் நிறைய மிச்சமிருந்ததால் தொகுப்பாளர் சொந்தமாகப் பேச ஆரம்பித்திருந்தார். அட்டையில் இல்லாததைப் பேசுவது அவருக்கு ஆகாத காரியம். பறவைகளிலேயே தனக்கு மிகவும் பிடித்தது வௌவால்தான் என்றார்.

"வௌவால் பறவை இல்லைங்க," என்றார் திரையில் மூட்டைக்காரர், மரியாதையாகவே. "அது குட்டி போட்டுப் பால் குடுக்கும்."

நூற்றைம்பது பேரும் சிரித்தார்கள். யாரும் கையை உயர்த்தாமல், சொல்லிக் கொடுக்காமல் சிரித்தார்கள். கைதட்டச் சொல்லும் ஆள் இரண்டு கையையும் வீசி நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை. தொகுப்பாளர் கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் வௌவால் இல்லை.

அந்த இடத்தை வெட்டச் சொல்லி அவரே வந்து பக்கத்தில் நின்றதாக எடிட்டர் சொன்னார். அது புதன்கிழமை. வியாழக்கிழமை, படம் முடிந்ததும் அந்தப் பார்வையைக் கவனிக்கும்படி தயாரிப்பாளரிடம் சொன்னதும் அவர்தான். யோசிக்கும் ஷாட் எப்படி எடுக்கிறார்கள் என்பது ஆறு மாதமாக அதே மேடையில் நிற்கிறவருக்குத் தெரியாமல் இருக்காது.

தொகுப்பாளர் மறுத்தார். நிகழ்ச்சியின் நன்மைக்காகத்தான், தனிப்பட்ட வருத்தம் ஒன்றும் இல்லை என்றார். சொல்லும்போது சுவரைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை. இமைக்காமல் கண்டக்டரம்மாவின் கண்ணையே பார்த்தார்.

"அக்கா," என்றார் டிரைவர் மெதுவாக. "இவர் டிக்கெட் எடுக்கலை."

கண்டக்டரம்மா தட்டச்சான அறிக்கையைத் திருப்பி, பின்பக்கத்தில் கையால் எழுதினார். மூன்றே வரி. இவர் யாரையும் பார்க்கவில்லை. பார்க்கச் சொன்ன விளக்கைப் பார்த்தார். சிரிக்கச் சொன்னதால் சிரித்தார். கீழே கையெழுத்துப் போட்டு, பேனாவின் மூடி எங்கே என்று கேட்டு வாங்கி மூடினார். பிறகு தயாரிப்பாளரிடம் கைப்பேசியைக் காட்டினார். சிமெண்ட் கிடங்கு முதலாளியிடம் அவரே, அவர் குரலிலேயே, தப்பு எங்கள்மேல்தான் என்று சொல்ல வேண்டும். அதுவரை அறிக்கை என் பையில் இருக்கும் என்றார். தயாரிப்பாளர் பேசினார். நம்பகத்தன்மை என்ற சொல் அந்தப் பேச்சில் வரவில்லை.

அந்தக் கடிதத்தை டிரைவர்தான் கிழித்தார். டிக்கெட் கிழிக்கும் வேலை தனக்குக் கிடைத்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டு நான்காகக் கிழித்தார்.

நான்கு மணிக்கு மூட்டைக்காரரை அழைத்துப்போக வந்தார்கள். கைக்குப் பூசுகிற டப்பாவோடு ஒருவரும் வந்தார். மூட்டைக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது இருக்கட்டும். இதோடவே வர்றேன்."

மேடை மினுக்கியது. கைதட்டினார்கள். தொகுப்பாளர் சிரித்தார், அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். வெடித்த கைகள் இரண்டும் மேசைமேல் வெளிச்சத்தில் கிடந்தன. கடைசிக் கேள்வி வந்தது. பென்சிலின் பின்பக்கம் ரப்பரைப் பொருத்தியதற்கு முதன்முதலாகக் காப்புரிமை வாங்கிய ஆண்டு எது? ஒரு குடும்பம் கூரைக்குக் கீழே படுப்பதா வேண்டாமா என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

தொகுப்பாளர் முதல் விடையைப் படித்தார், ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தெட்டு. இரண்டாவதைப் படித்தார், நாற்பத்தெட்டு. மூன்றாவதைத் தொடங்கினார்.

"தெரியாதுங்க," என்றார் மூட்டைக்காரர். "ஆட்டோவைக் குடுங்க, போறேன்."

மேல்வரிசையில் மச்சான் தலையில் கை வைத்தார். கைதட்டச் சொல்லும் ஆளுக்குக் கையை உயர்த்துவதா இறக்குவதா என்று விளங்கவில்லை, பாதியில் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை நாளாக அந்த நாற்காலியில் யாரும் தெரியாது என்று சொன்னதே இல்லை. படித்தவர்கள் எல்லாரும் யோசித்துத்தான் தோற்றிருந்தார்கள்.

"பாருங்க சார்," என்று டிரைவர் பக்கத்தில் நின்ற தயாரிப்பாளரின் காதில் சொன்னார். "விடையைத் திருடினவன் செய்யற வேலையா இது?"

வெளியே வெயில் இன்னும் இருந்தது. ஆட்டோவோடு ஆள் உயரத்துக்கு ஓர் அட்டைச் சாவியையும் கொடுத்திருந்தார்கள். உண்மைச் சாவி மச்சானின் கையில் இருந்தது. அவர் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் யோசித்திருந்தால் வீடே வந்திருக்குமே என்று கீழேயிருந்து புலம்பினார். அட்டைச் சாவியை என்ன செய்வதென்று தெரியாமல் மூட்டைக்காரர் அதைப் பின்னால் போட்டு, காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு செங்கல்லை வைத்தார்.

"யோவ் மாப்ளே, தெரியாததை யோசிச்சா தெரிஞ்சுடுமா?"

கண்டக்டரம்மாவிடம் வந்து, வருகிறேன் என்று மட்டும் சொன்னார். நன்றி சொல்லவில்லை. செய்யாத தப்பைச் செய்யவில்லை என்று சொன்னதற்கு நன்றி எதற்கு? கண்டக்டரம்மாவுக்கும் அது பிடித்திருந்தது. ஆட்டோவின் பின்கதவில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். வண்டி கிளம்பியது.

டிரைவர் உள்ளேயிருந்து சிரித்துக்கொண்டே வந்தார். இன்றைக்கும் நேரம் போதவில்லையாம், மூட்டைக்காரர் யோசிக்கும் ஷாட்டுக்கு உட்கார மாட்டேன் என்று போய்விட்டதால் தொகுப்பாளரையே உட்காரவைத்து எடுக்கிறார்களாம்.

"எப்படிப் போகுது?" என்றார் கண்டக்டரம்மா.

"ஏழாவது தடவை எடுக்கறாங்க அக்கா. இன்னும் யோசிக்கிற மாதிரியே தெரியலையாம்."